வியாபாரி விட்டுப்போன நாம்பன்தான் இப்போது உங்கள் பொலிகாளை

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 34, ஊர் சித்தாண்டி. அப்பா காலமான பிறகு பட்டியை நான்தான் பார்க்கிறேன். 110 உருப்படி, அதில் கன்று போடக்கூடிய பசு அறுபது. மேய்ச்சல் மயிலத்தமடுப் பக்கம். பால் எடுப்பது குறைவு. இறைச்சிக்கு விற்கும் நாம்பன்களில், அதாவது இளங்காளைகளில்தான் வருமானம். ஏறாவூர், ஓட்டமாவடி வியாபாரிகள் வருவார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் நல்ல விலை கிடைக்கும். ஆனால் அப்பா காலத்தில் இரண்டு பல்லுப் போட்ட, இரண்டு வயது தாண்டிய நாம்பனுக்கு இருந்த உடம்பு இப்போது இல்லை. வருடம் 25, 30 கன்றுதான் விழுகிறது. தலைவன் காளைக்கு எட்டு வயது தாண்டிவிட்டது. மாற்ற நினைக்கிறேன். பொலன்னறுவைப் பக்கமிருந்து ஒரு வியாபாரி பிராமன் கலப்பு வெள்ளைக் காளை ஒன்றுக்கு மூன்று லட்சம் சொல்கிறார். நாலு பல்லு, பார்த்தால் யானைக்குட்டி போல நிற்கிறது. காசைக் கரியாக்காமல் தலைவன் காளையின் மகனையே விடச் சொல்கிறார் மச்சான். அதற்கு மூன்று வயது, பட்டியிலேயே உயரமானது. ஜேர்சிக் காளை வாங்கினால் பாலும் வரும், இறைச்சியும் வரும் என்கிறார் மாமா. எதை விடுவது?

பதில்: தம்பி, மூன்று காளைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பட்டிக்குள் இப்போது நிற்கிற மற்ற நாம்பன்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. 110இல் அறுபது பசு போனால் மீதி ஐம்பது. கன்றையும், இன்னும் கன்று போடாத இளம் பசுவான நாகையும் கழித்தாலும், ஒன்றரை வயது தாண்டிய, காயடிக்காத நாம்பன் ஒரு பத்தாவது நிற்கும். அவற்றை எண்ணிப் பார்த்த பிறகுதான் மூன்று லட்சத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பசு வேட்கையில் நிற்பது அரை நாள், மிஞ்சினால் முக்கால் நாள். நமது நாட்டு மாடுகளில் அதிலும் குறைவு, அதுவும் பல வேளை இரவில். காட்டோரம் சிதறி மேயும் பட்டியில் அந்த நேரம் பக்கத்தில் எந்த ஆண் நிற்கிறதோ அது ஏறிவிடும். தலைவன் காளை ஒரு பசுவைக் காவல் காத்துக்கொண்டு நிற்கும்போது, அடுத்த பற்றைக்குள் இரண்டு வயது நாம்பன் தன் வேலையை முடித்துவிட்டுப் புல் மேய்ந்துகொண்டிருக்கும். அந்த நாம்பன் எது என்று யோசித்தீர்களா? வியாபாரி வரும்போது எதைக் கேட்கிறார்? உடம்பு வைத்ததை, விரைவாக வளர்ந்ததை. நீங்களும் அதைத்தான் கொடுக்கிறீர்கள், காசு அதில்தான். யாரும் விலை கேட்காத மெலிந்த நாம்பன் இன்னும் ஒரு வருடம் பட்டியில் நிற்கிறது. அடுத்த வருடக் கன்றுகளில் பலவற்றுக்கு அதுதான் அப்பன். இதையே பத்துப் பதினைந்து வருடம் தொடர்ந்து செய்தால் பட்டி சிறுக்காமல் என்ன செய்யும்? மேய்ச்சல் தரை சுருங்கியதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. 2023 செப்டெம்பரில் உங்கள் ஊரிலேயே பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காகப் போராட்டத்தில் உட்கார்ந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மேய்ச்சல் தரை உங்கள் ஒருவர் கையில் இல்லை. எந்த நாம்பன் பட்டியில் நிற்கிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

காளைக்கு ஏன் இத்தனை கவனம் என்றால், ஒரு பசு தன் குணத்தை வருடத்துக்கு ஒரு கன்றுக்குத்தான் கொடுக்கிறது. காளை அதே வருடத்தில் இருபது, இருபத்தைந்து கன்றுக்குக் கொடுக்கிறது. இன்று நிற்கும் ஒரு நாகின் இரத்தத்தில் பாதி அதன் அப்பன் காளையுடையது. கால் பங்கு தாயின் அப்பனுடையது. அரைக்கால் பங்கு பாட்டியின் அப்பனுடையது. கூட்டினால் நூற்றுக்கு எண்பத்தேழரை. அதாவது கடைசி மூன்று காளைகள் எப்படியோ பட்டியும் ஏறக்குறைய அப்படி.

ஆகவே முதல் வேலை, பொலிக்கு, அதாவது இனம் பெருக்க வைக்காத நாம்பன் எல்லாவற்றையும் காயடிப்பது, அல்லது ஒன்றரை வயதுக்குள் விற்றுவிடுவது. பிரதேச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் சொன்னால் இடுக்கி போட்டு, தோலை வெட்டாமல், இரத்தம் சிந்தாமல் செய்துவிடலாம். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்தால் கன்றுக்கு நோவு குறைவு. பெரிய நாம்பனுக்குச் செய்தால், அதற்குப் பிறகும் சில வாரம் அது சினைப்படுத்தக்கூடும். மறுநாளே பயம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மழை காலத்திலும் இலையான் மொய்க்கும் காலத்திலும் கத்தியால் கீறிச் செய்வதை நான் விரும்புவதில்லை.

காயடித்தால் வளர்ச்சி குறையும் என்று உங்கள் மச்சான் சொல்லக்கூடும். அவர் சொல்வதில் உண்மை உண்டு. காயடிக்காத நாம்பன் கொஞ்சம் வேகமாகவும் கொழுப்புக் குறைவாகவும் வளரும். ஆனால் நீங்கள் இழப்பது ஒரு உருப்படியில் சில கிலோ. காயடிக்காமல் விட்டால் இழப்பது அடுத்த தலைமுறை முழுவதையும். ஹஜ்ஜுச் சந்தை கெடும் என்றும் பயப்பட வேண்டாம். உழ்ஹிய்யாவுக்கு, அதாவது பெருநாள் குர்பானிக்கு, மாடு இரண்டு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். குருடு, நொண்டி, வெளிப்படையான நோய், எலும்பு தெரியும் மெலிவு இருக்கக்கூடாது. காயடித்ததை ஒரு குறையாக முஸ்லிம்கள் எடுப்பதில்லை. ஏழு பேர் பங்கு சேர்ந்து வாங்குகிற மாடு அது, உடம்பைத்தான் பார்ப்பார்கள்.

இனி உங்கள் மூன்று காளைகள். மச்சான் சொல்கிற மகன் காளை வேண்டாம். உயரமாக நிற்பதற்காகச் சொல்லவில்லை, அது நல்ல நாம்பனாகவே இருக்கலாம். பட்டியிலுள்ள நாகுகளிலும் இளம் பசுக்களிலும் பெரும்பங்கு அதன் அப்பனுக்குப் பிறந்தவை, அதாவது அதற்குத் தங்கைகள். அப்பனுக்கும் மகளுக்கும் பிறக்கும் கன்றில் இரத்த நெருக்கம் நூற்றுக்கு 25, ஒரே அப்பனின் பிள்ளைகள் சேர்ந்தால் பன்னிரண்டரை. நெருக்கம் கூடக்கூடக் கன்று சிறுக்கும், நோய்க்கு ஈடுகொடுக்காது, பசு சினைப்பிடிக்கத் தாமதிக்கும். எட்டு வயதுத் தலைவன் காளை ஏற்கெனவே தன் மகள்மாரிடமும் பேத்திமாரிடமும் போய்க்கொண்டிருக்கிறது. வருடம் 25 கன்று என்று எழுதினீர்களே, அதில் இதற்கும் பங்கு இருக்கும். ஒரு காளையின் முதல் மகள்மார் வேட்கைக்கு வருமுன் அது பட்டியை விட்டுப் போய்விட வேண்டும். நமது மாடுகளில் அது ஏறத்தாழ மூன்று வருடம். மகன் காளையை விற்க மனமில்லாவிட்டால், உறவில்லாத வேறொரு பட்டிக்காரரோடு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் மயிலத்தமடுவிலேயே பக்கத்துப் பட்டியில் மாற்றினால் பயன் குறைவு. ஒரே தரையில் மேயும் பட்டிகளில் யார் காளை எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்? வாகரைப் பக்கமோ திருக்கோவில் பக்கமோ பாருங்கள்.

மாமாவின் ஜேர்சியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கன்று சிறிதாக விழும், பிரசவம் இலகு, மகள்மாருக்குப் பால் இருக்கும். ஆனால் ஆண் கன்றில் சதை பிடிக்காது, கொழுப்பும் மஞ்சளாக இருக்கும். வெயிலையும் உண்ணியையும் அது தாங்காது. வீட்டோடு கட்டி வைத்துத் தீன் போடுகிறவருக்கு நல்ல மாடு. உங்கள் பட்டிக்கு அது வேண்டாம்.

வெள்ளைக் காளைதான் உங்கள் மனதில் நிற்கிறது, எழுத்திலேயே தெரிகிறது. பிராமன் மோசமான இனம் அல்ல. வெயிலுக்கும் உண்ணிக்கும் ஈடுகொடுக்கும், இறைச்சிக்கென்றே வளர்த்தெடுத்த இனம். சிக்கல் உங்கள் பசுக்களில் இருக்கிறது. நாட்டுப் பசு ஒன்று 200 கிலோவுக்குக் கிட்ட நிற்கும், பல அதற்கும் குறைவு. பிராமன் பசுவின் வயிற்றில் கன்று அளவோடுதான் வளரும். அதே காளையைச் சீமை இனப் பசுவுக்கு விட்டால் கன்று எதிர்பார்ப்பதைவிடப் பெரிதாக விழும், இது பல நாடுகளில் கண்ட விடயம். உங்கள் சின்ன உடம்புப் பசுக்களிலும் அந்தப் பயம் உண்டு. முதல் கன்று போடும் நாகு ஒன்று மயிலத்தமடுவில் நடு இரவில் கன்று சிக்கிக் கிடந்தால் யார் போய் இழுப்பது? காலையில் நீங்கள் காண்பது தாயும் கன்றுமாக இரண்டு இழப்பு.

பிரசவத்தில் தப்பினாலும் இன்னொரு கணக்கு உண்டு. மாடு ஒரு நாளைக்குத் தன் நிறையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவுக்கு உலர்ந்த தீன் தின்ன வேண்டும். 200 கிலோப் பசுவுக்கு ஐந்து கிலோ, 350 கிலோப் பசுவுக்கு எட்டே முக்கால். வெள்ளைக் காளையின் மகள்மாரைப் பசுவாக வைத்தால் அந்த எட்டே முக்காலை ஆவணியில், கச்சான் காற்றில் தரை காய்ந்து கிடக்கும்போது எங்கிருந்து கொடுப்பீர்கள்? பெரும்போகத்தில் வயலெல்லாம் நெல், மாடு முழுக்கக் காட்டுப் பக்கம். பெரிய பசு முதலில் மெலியும், மெலிந்த பசு வேட்கைக்கு வராது. ஆண் பெண் பாராமல் பிறந்த கன்று எல்லாவற்றையும் விற்கிற பட்டிக்கு, பெரிய உடம்புப் பசுக்கள் மேல் விட்டால் அந்தக் காளை பொருந்தும். நாகுகளை வேறாகப் பிரித்து வைக்க வேலி இல்லாத உங்களுக்கு அது பொருந்தாது.

என்னைக் கேட்டால் சாகிவால் கலப்பு இளங்காளை ஒன்றைத் தேடுங்கள். உலர் வலயத்துக்கு நீண்ட காலமாகச் சிபாரிசு செய்யப்படுகிற இனம். நாட்டு மாட்டைவிடப் பெரிது, ஆனால் நம் பசு தாங்காத அளவு அல்ல. மகள்மாருக்குப் பாலும் இருக்கும், அந்தப் பாலைக் குடித்துத்தான் உங்கள் விற்பனை நாம்பன் முதல் ஆறு ஏழு மாதம் வளர வேண்டும். முழுச் சாகிவாலைவிட நாட்டு இரத்தம் பாதி கலந்தது காட்டு மேய்ச்சலுக்கு நல்லது. வாங்குகிற இடத்தில் தாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயைத் தண்ணீர்த் துறையிலே கண்டால் பிள்ளையை வீட்டிலே பார்க்க வேண்டாம் என்பார்கள். வருடா வருடம் கன்று போட்ட, மடி நல்ல, வறட்சியிலும் எலும்பு தெரியாத தாயா என்று பாருங்கள். வியாபாரியிடம் தாய் இருக்காது. அதனாலேயே வியாபாரியிடம் பொலிகாளை வாங்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

பொறுமை இருந்தால் மலிவான வழியும் உண்டு. உங்கள் பசுக்களில் மிகச் சிறந்த நாலைந்தை வீட்டுப் பக்கம் கட்டி, குண்டசாலை நிலையத்திலிருந்து வரும் சாகிவால் விந்தால் செயற்கை முறையில் சினைப்படுத்தி, பிறக்கும் ஆண் கன்றில் நல்லதைப் பொலிக்கு வளர்க்கலாம். வேட்கையைக் காலையும் மாலையும் நின்று பார்க்க வேண்டும், அதனால் முழுப் பட்டிக்கும் இது சரிவராது. காளை வேலைக்கு வர மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் உங்கள் தரையிலேயே பிறந்து, உங்கள் உண்ணியையும் வெள்ளத்தையும் கண்டு வளர்ந்த காளையாக இருக்கும்.

காளையைப் பார்க்கும்போது நின்ற நிலையில் பார்க்காமல் நடக்க விட்டுப் பாருங்கள். பசு மேல் ஏறும்போது முழுப் பாரமும் பின்னங்காலில்தான் விழுகிறது. பின்னங்கால் நேர்க் கம்பாக நின்றாலும், அளவுக்கு மீறி வளைந்தாலும், குளம்பு விரிந்திருந்தாலும் இரண்டு வருடத்தில் நொண்டும். கண் தெளிவாக இருக்க வேண்டும். வயிற்றுக்குக் கீழ் ஆணுறுப்பின் உறை நீளமாகத் தொங்கும் காளையை, மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள். பற்றை முள் கிழித்துப் புண்ணாகி, உறுப்பு வெளியே வர முடியாமல் போன காளைகள் நமது பக்கத்தில் அரிதல்ல. திமிலுள்ள இனங்களில் இது கூடுதலாக வரும் குறை.

பிறகு விதை. பலரும் கூச்சப்பட்டுப் பார்க்காமல் விடுவது இதைத்தான். இரண்டும் ஒரே அளவாக, கையில் பிடித்தால் இறுக்கமாக, பைக்குள் இலகுவாக அசைய வேண்டும். ஒன்று சிறுத்தோ கல்லுப்போல இறுகியோ இருந்தால் வேண்டாம். தையல்காரரின் அளவு நாடாவை எடுத்து, விதை இரண்டையும் கீழே இறக்கிப் பிடித்து, பை அகன்ற இடத்தில் சுற்றளவு எடுங்கள். சீமை இனத்து இரண்டு வயதுக் காளைக்கு 34 சென்றிமீற்றராவது வேண்டும் என்பது பொதுவான அளவு. நமது இனங்கள் சிறியவை, பிந்திப் பருவமடைபவை, அந்த அளவை அப்படியே பிடிக்க வேண்டாம். ஒரே வயது நாம்பன் நாலைந்தை அளந்து, அதில் கூடியதை எடுங்கள். விதை பெரிதான காளையின் மகள்மாரும் முந்திப் பருவமடைவார்கள் என்பது இதில் கூடுதல் இலாபம். சுழி பார்க்கிற பெரியவர்கள் உங்கள் பக்கம் இன்னும் இருப்பார்கள். சுழியால் கன்று கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. ஆனால் சுழி கெட்ட மாடு என்று பெயர் வந்தால் பிறகு விற்பது கஷ்டம், அதனால் பார்க்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு பல்லுப் போட்ட, இன்னும் பசுவிடம் போகாத காளையே எனக்கு விருப்பம். பல பட்டியில் ஓடிய காளை உறுப்பில் நோயைக் காவிக்கொண்டு வரும். வெளியே ஒன்றும் தெரியாது, உங்கள் பசுக்கள்தான் சினைப்பிடித்துப் பிடித்துக் கலையும். எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது புரூசெல்லா. கன்று வீசும் நோய் என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் அதுதான். மனிதருக்கும் தொற்றும், வீசிய கன்றையும் நச்சுக்கொடியையும் வெறுங்கையால் தூக்குகிறவருக்கும், காய்ச்சாத பால் குடிக்கிறவருக்கும். இரத்தம் எடுத்துப் பரிசோதித்து, இல்லை என்று தெரிந்த பிறகே காளையைப் பட்டியில் சேர்க்க வேண்டும். இந்த நோய்க்கான தடுப்பூசி நாகு கன்றுகளுக்கு மட்டும். காளைக்குப் போடக்கூடாது, அது விதையில் போய்த் தங்கும். கால் வாய் நோய்க்கும் தொண்டை அடைப்பானுக்கும் ஊசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கி வந்ததும் ஒரு மாதம் வீட்டில் தனியாகக் கட்டி வையுங்கள்.

காய்ச்சல் கண்டு தேறிய காளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. விந்து உருவாகி முடிய ஏறக்குறைய 60 நாள் எடுக்கும். கால் வாய் நோயோ தோல் கழலை நோயோ வந்து கடும் காய்ச்சலில் கிடந்த காளை, உடம்பு தேறி ஏறினாலும் இரண்டு மாதத்துக்குச் சினைப்படுத்தாமல் இருக்கலாம். அதைக் கழிக்காதீர்கள், காத்திருந்து பாருங்கள்.

அறுபது பசுவுக்கு ஒரு காளை போதாது. சிதறி மேயும் பட்டியில் இருபது, இருபத்தைந்துக்கு ஒன்று, அதாவது மூன்று வேண்டும். முதல் வருடம் இளங்காளைக்குப் பத்துப் பதினைந்து பசுவே போதும். கிழட்டுத் தலைவனையும் இளசையும் ஒன்றாக விட்டால் தலைவன் இளசை நெருங்க விடாது. தலைவனுக்குச் சக்தி குறைந்திருந்தால் தானும் செய்யாது, மற்றதையும் விடாது. முதலில் தலைவனை அனுப்புங்கள்.

எந்த மாதத்தில் விடுவது என்பதும் காளைத் தெரிவுக்குச் சமமான விடயம். பசுவின் சினைக்காலம் ஒன்பது மாதமும் பத்து நாளும், 283 நாள் என்று வையுங்கள். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்து, மாடு வயலில் இறங்கி உடம்பு தேறும். உடனே வேட்கை வரும், காளை ஏறும். கன்று கார்த்திகை, மார்கழியில் விழும், வெள்ளத்திலும் குளிரிலும். 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் குளிரிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குளிருக்குப் பிறந்து சில நாளான கன்று எம்மாத்திரம்? காளைகளை மாசியிலிருந்து சித்திரை முடியும் வரை வீட்டில் கட்டி வைத்து, தவிடும் வைக்கோலும் புல்லும் போட்டு உடம்பேற்றி, மே மாதம் பட்டியில் விட்டால் பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து கன்று விழத் தொடங்கும். அப்போது மழை ஓய்ந்திருக்கும், தாய்க்கு வயல் மேய்ச்சலும் வந்துவிடும். ஹஜ்ஜுப் பெருநாள் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. ஆகவே பெப்ரவரி, மார்ச்சில் பிறந்த கன்று இன்னும் சில வருடங்களுக்குப் பெருநாளுக்கு முன்னமே இரண்டு வயதைத் தாண்டி நிற்கும். பக்கத்துப் பட்டிக்காரர்களின் காளைகளும் நாம்பன்களும் அதே தரையில் திரிந்தால் இந்தக் கட்டுப்பாடு பாதியாகிவிடும். ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து பேசி ஒரே மாதத்தில் கட்டுங்கள், ஒரே மாதத்தில் அவிழுங்கள்.

காளை நல்லதா என்பதை அதன் கன்றுகள்தான் சொல்லும், அதற்குக் கணக்கு வேண்டும். கொப்பி ஒன்றில் கன்று விழுந்த நாள், தாய், எந்தக் காளையின் காலம் என்று எழுதுங்கள். காட்டில் தராசு இல்லை, நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளம், இரண்டையும் சென்றிமீற்றரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 10,800ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ வரும். சுற்றளவு 130, நீளம் 115 என்றால் 180 கிலோ. எல்லாக் கன்றையும் ஒரே வயதில் அளக்க வேண்டும். ஏழு மாதத்தில் மற்றவற்றைவிடக் கனமான ஆண் கன்றை வியாபாரி கண்ணில் படாமல் வைத்திருங்கள். பிறகு அதை இன்னொரு பட்டிக்காரருக்குப் பொலிகாளையாகவே விற்கலாம், இறைச்சி விலையைவிடக் கூடக் கேட்கலாம்.

எங்கிருந்து வாங்கினாலும் மாட்டைக் கொண்டுவர அனுமதிப்பத்திரமும் கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் எடுங்கள். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் கீழ் இரவில் வீதித் தடையில் லொறியை மறித்தால், காளை மட்டுமல்ல, நீங்களும் நிற்க வேண்டி வரும்.

வெள்ளைக் காளைக்கு முற்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்களென்றால், இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வரும் வரை மீதிக் காசை நிறுத்தி வையுங்கள். காளை வந்து சேர்ந்தால் நாகுகளை அதனிடமிருந்து விலக்கி வீட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.